வியாகுலம் என்றொரு பெயர்

கி.பி. 400-ஆம் ஆண்டையொட்டி, ஹிப்போ நகர ஆயரான புனித அகுஸ்தினார், தம் இளமைக் காலத்துப் பாவங்களை இறைவன் திருமுன் ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்து ஒரு நூல் எழுதினார். அன்று தொட்டு, மனிதன் தன் உள்ளத்தைத் தானே திறந்து காட்டும் நூல்களுக்கு மேலை இலக்கியத்தில் தனியோர் இடம் அமைந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோவும் அதே தலைப்பில் தம் வாழ்வை எழுதினார். ஆனால், அகுஸ்தினார் பேசியது இறைவனிடம். ரூசோ பேசியது வாசகரிடம். கேட்பவர் மாறியதும் பேச்சின் இயல்பும் மாறிற்று. இறைவனை ஏமாற்ற இயலாது. வாசகரை ஏமாற்றலாம்.

இந்த உண்மையை இருபதாம் நூற்றாண்டில் வேறெந்த நூலையும்விடக் கூர்மையாக உணர்த்தியது ஒரு நாவல். அதன் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் முகம் சுளிப்பவர் பலர். படிக்காமலே புரிந்துகொண்டதாக எண்ணிச் சிரிப்பவர் அதைவிடப் பலர். விளாதிமிர் நபோக்கோவ் எழுதிய ‘லொலிட்டா’தான் அது. அந்த நூல் எவ்வாறு பிறந்தது, எவ்வாறு படிக்கப்பட்டது, எவ்வாறு தவறாகப் படிக்கப்பட்டது என்பது தனியொரு வரலாறு. ஒரு குழந்தையின் கண்ணீரை உலகம் எவ்வளவு எளிதாகக் காணாமல் கடந்துவிடுகிறது என்பதற்கு அவ்வரலாறு சான்றாக நிற்கிறது.

நூல் பிறந்த கதை

நபோக்கோவ் 1899-இல் ரஷ்யாவின் புனித பீட்டர்ஸ்பர்க் நகரில் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தவர். புரட்சிக்குப் பின் 1919-இல் குடும்பம் நாட்டைவிட்டு வெளியேறியது. 1922-இல் பெர்லின் நகரில் அவருடைய தந்தை சுட்டுக் கொல்லப்பட்டார். பெர்லினிலும் பாரிசிலும் வாழ்ந்து, யூத குலத்தவரான மனைவி வேராவோடும் சிறு மகனோடும் 1940-இல் அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்தார். பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்தார். கோடை விடுமுறைகளில் வண்ணத்துப்பூச்சிகளைத் தேடி அலைந்தார். அந்தப் பயணங்களினிடையேதான் நாவலின் பெரும்பகுதி சிறு சிறு அட்டைகளில் எழுதப்பட்டது. ஒரு கட்டத்தில் மனம் சோர்ந்து கைப்பிரதியை நெருப்பிலிடப் போனவரைத் தடுத்து நிறுத்தியவர் வேரா.

1953 டிசம்பரில் நூல் முடிவுற்றது. அமெரிக்கப் பதிப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதனை மறுத்தன. முடிவில் 1955 செப்டம்பரில், பாரிசிலிருந்த ஒலிம்பியா பதிப்பகம் அதனைப் பச்சை நிற அட்டையுடன் இரு தொகுதிகளாக வெளியிட்டது. அப்பதிப்பகம் தரமான சில இலக்கியங்களோடு மலிவான ஆபாச நூல்களையும் அச்சிட்டு வந்தது. ஆகவே, நூல் பிறந்த இடமே அதன்மேல் ஒரு கறையை ஏற்றிவிட்டது.

அவ்வாண்டின் இறுதியில் லண்டன் ‘சண்டே டைம்ஸ்’ இதழ், அந்த ஆண்டின் சிறந்த நூல்களைக் கூறும்படி எழுத்தாளர்களைக் கேட்டது. கத்தோலிக்கத் திருச்சபையைத் தழுவியவரும், பாவம், அருள் என்னும் பொருள்களை வைத்தே பெரும் நாவல்களை எழுதியவருமான கிரகாம் கிரீன் தம் மூன்று நூல்களுள் ஒன்றாக ‘லொலிட்டா’வைக் குறித்தார். ‘சண்டே எக்ஸ்பிரஸ்’ ஆசிரியர் ஜான் கார்டன் கொதித்தெழுந்து, தாம் படித்தவற்றுள் மிக அருவருப்பான நூல் அது என்று கண்டித்தார். யாரும் அறியாதிருந்த நூல் ஒரே மாதத்தில் விவாதப் பொருளாயிற்று. 1956 டிசம்பரில் பிரெஞ்சு அரசு அதனைத் தடை செய்தது. 1958 ஆகஸ்டில் அமெரிக்காவில் வெளிவந்தபோது மூன்று வாரங்களில் ஓர் இலட்சம் பிரதிகள் விற்றுத் தீர்ந்தன. 1959-இல் பிரிட்டனிலும் அது வெளிவந்தது.

அதே ஆண்டில் இந்தியாவிலும் இச்சர்ச்சை எழுந்தது. பம்பாயில் சுங்க அதிகாரிகள் நூலின் பிரதிகளைத் தடுத்து வைத்தனர். தடை விதிக்க வேண்டுமென நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய்க்கு விண்ணப்பம் சென்றது. அவரும் அதனை ஏற்கும் மனநிலையில் இருந்தார். பிரதமர் நேருவோ தடை வேண்டாமென முடிவு செய்தார். நூல் விற்பனைக்கு வந்தது.

தடை கோரியோர் நூலை ஆபாசமென்றனர். தடையை எதிர்த்தோர் கலையென்றனர். இரு தரப்பினரும் உரத்துப் பேசிய அந்த ஆண்டுகளில், அந்நூலின் நடுவே அழுதுகொண்டிருந்த பன்னிரண்டு வயதுக் குழந்தையைப் பற்றிப் பேசியவர் மிகச் சிலரே.

கதையும் கதை சொல்பவனும்

கதையை யார் சொல்கிறார் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஹம்பர்ட் என்பவன் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த, நன்கு கற்ற, நடுத்தர வயதினன். நாகரிகமான பேச்சு, நயமான நடை. 1947-இல் ஒரு சிற்றூரில் கைம்பெண் ஒருத்தியின் வீட்டில் அறை எடுத்துத் தங்குகிறான். அவளுடைய மகள்மீது அவனுக்குத் தகாத இச்சை. அக்குழந்தையை நெருங்குவதற்காகவே தாயை மணக்கிறான். அவனுடைய நாட்குறிப்பைப் படித்து உண்மையை அறிந்த தாய், பதறி வீட்டைவிட்டு வெளியே ஓடுகையில் கார் மோதி இறக்கிறாள். கோடை முகாமிலிருந்த சிறுமியிடம், தாய் மருத்துவமனையில் இருப்பதாகப் பொய் சொல்லி அழைத்துச் செல்கிறான். தாயின் மரணத்தை அவன் வெளியிடுவது தன் எண்ணம் நிறைவேறிய பின்னரே. அதன்பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், பெரும்பாலும் ஊர் ஊராக, விடுதி விடுதியாக அவளை இழுத்தடிக்கிறான். வெளியே சொன்னால் உன்னைச் சீர்திருத்தப் பள்ளியில் அடைத்துவிடுவார்கள் என்று அச்சுறுத்துகிறான். அவள் தப்பியோட எண்ணிச் சேர்த்து வைத்த காசையும் திருடிக்கொள்கிறான். முடிவில் அவள் வேறொருவன் துணையோடு தப்புகிறாள். அவனும் அவளை ஏமாற்றிக் கைவிடுகிறான்.

இவ்வாறு சுருக்கிச் சொல்லும்போது இது ஒரு கொடுமையின் வரலாறு என்பதில் யாருக்கும் ஐயம் எழாது. நாவலில் இது இவ்வாறு சொல்லப்படவில்லை. வேறொரு கொலைக்காகச் சிறைப்பட்ட ஹம்பர்ட், நீதிமன்றத்தின் நடுவர்களை விளித்து எழுதும் வாக்குமூலமாகவே கதை அமைகிறது. அவன் தன் கொடுமையைக் காதல் என்கிறான். பெருங்கவிஞர்களைத் துணைக்கு அழைக்கிறான். தன்னைத் தானே நகைக்கிறான், திட்டிக்கொள்கிறான். குழந்தையே தன்னை மயக்கியதாகவும் கூறுகிறான். அவனுடைய சொல்லழகில் மயங்கிப் பக்கங்களைப் புரட்டும் வாசகர், ஓரிடத்தில் திடுக்கிட்டு நின்று, இவ்வளவு நேரம் யாருக்காக இரங்கிக்கொண்டிருந்தோம் என்று தம்மையே கேட்டுக்கொள்ள நேர்கிறது.

இத்தகைய கதைசொல்லியை ‘நம்பத்தகாத கதைசொல்லி’ என்று அமெரிக்கத் திறனாய்வாளர் வேய்ன் பூத் 1961-இல் பெயரிட்டார். அவன் சொல்வது முழுவதும் பொய் என்பதன்று பொருள். சொல்வதற்கும் உண்மைக்கும் இடையே உள்ள தொலைவை வாசகரே அளந்துகொள்ள வேண்டும் என்பதே பொருள். அவ்வாறு அளப்பதற்கான தடயங்களை நபோக்கோவ் நூலெங்கும் விட்டுச் சென்றிருக்கிறார். இரவுதோறும், அவன் உறங்குவதாக நடித்தவுடன் அச்சிறுமி விம்மி அழுதாள் என்னும் செய்தி, ஒரு நீண்ட வாக்கியத்தின் கடைசியில், போகிற போக்கில் சொல்லப்படுகிறது. அந்த ஒரு செய்தி அதற்கு முன் சொன்ன அத்தனை அழகுகளையும் இடித்துத் தள்ளிவிடுகிறது.

இன்னுமொரு தடயம் முன்னுரையில் இருக்கிறது. திருமதி ஷில்லர் என்னும் பெண், 1952-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று, இறந்து பிறந்த ஒரு பெண்குழந்தையைப் பெற்றெடுத்துவிட்டு மரித்தாள் என்று அங்கே ஒரு வரிச் செய்தி வருகிறது. முதன்முறை படிப்பவருக்கு அவள் யாரென்று தெரியாது. நூலை முடித்து மீண்டும் முதல் பக்கத்துக்குத் திரும்புபவரே, கணவனின் பெயரில் மறைந்திருக்கும் அப்பெண் அந்தச் சிறுமிதான் என்று அறிவார். அப்போது அவளுக்குப் பதினெட்டு வயதும் நிறையவில்லை. அவளுடைய மரணத்தைக்கூட நாம் கவனிக்காமல் கடந்துவிட்டோம் என்பதை நூலாசிரியர் நமக்கு உணர்த்துகிறார்.

பெயரில் உள்ள பொருள்

‘லொலிட்டா’ என்பது அச்சிறுமியின் பெயரன்று. அவளைப் பிடித்து வைத்தவன் தனக்கென்று சூட்டிக்கொண்ட செல்லப்பெயர். அவளுடைய உண்மைப் பெயர் டொலோரஸ். ஸ்பானியக் கத்தோலிக்கரிடையே பிறந்த பெயர் அது. வியாகுல மாதாவை அவர்கள் அழைக்கும் பெயரிலிருந்து எடுத்துத் தம் பெண்மக்களுக்கு இட்டது. நம் ஊர்ப் பங்குகளிலும் வியாகுலம் என்றும் வியாகுலமேரி என்றும் பெயர் பூண்ட அன்னையர் எத்தனையோ பேர்! அன்னையின் ஏழு வியாகுலங்களைத் தியானித்து வளர்ந்த நமக்கு இப்பெயரின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. துயரங்களைத் தன் பெயரிலேயே சுமந்து நின்ற குழந்தைக்கு, விளையாட்டுப் பொருளுக்கு இடுவது போன்ற ஒரு பெயரை இட்டு, அத்துயரத்தை மறைத்துவிட்டான் அந்த மனிதன். உலகமும் அவன் இட்ட பெயரையே பிடித்துக்கொண்டது. ஆங்கில அகராதிகளில் ‘லொலிட்டா’ என்னும் சொல் ஆண்களை மயக்கும் சிறுமி என்னும் பொருளில் ஏறிவிட்டது. அட்டைப்படத்தில் சிறுமியின் உருவம் வேண்டாமென நூலாசிரியர் 1958-இல் பதிப்பாளரைக் கேட்டுக்கொண்டார். பிற்காலப் பதிப்புகள் பலவும், 1962-இல் வெளிவந்த திரைப்படத்தின் சுவரொட்டியும் அவர் வேண்டாமென்றதையே செய்தன.

கற்றறிந்தோரும் இதில் தப்பவில்லை. மதிப்புக்குரிய திறனாய்வாளர் லயனல் டிரில்லிங் 1958-இல் எழுதிய கட்டுரையில் இந்நூலைக் காதலைப் பற்றிய நூலாகவே கண்டார். படிக்கப் படிக்க அக்கொடுமையை ஏறக்குறைய மன்னித்துவிடும் நிலைக்கு வாசகர் வந்துவிடுவதையும் நேர்மையாக ஒப்புக்கொண்டார். கனடா நாட்டு எழுத்தாளர் ராபர்ட்சன் டேவிஸ், கெட்டுப்போன சிறுமியிடம் பலவீனமான ஒரு மனிதன் சிக்கிய கதை இது என்றே எழுதினார். அதாவது, குற்றவாளியின் வாதத்தைத் தீர்ப்பாகவே எழுதிக் கொடுத்தார். நூலாசிரியரின் மனைவி வேரா அந்நாட்களில் தம் நாட்குறிப்பில் வருந்தியது இதைப் பற்றித்தான். அக்குழந்தையின் நிராதரவான நிலையையும், அத்தனைக்கும் இடையே அவள் காட்டிய மனத்திண்மையையும் யாரும் கவனிக்கவில்லையே என்பது அவருடைய ஆதங்கம். 1975-இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியின் புகழ்பெற்ற ‘அப்போஸ்ட்ரோஃப்’ நிகழ்ச்சியில் நபோக்கோவே தோன்றி, அவள் கெட்ட பெண்ணல்லள், கெடுக்கப்பட்ட ஓர் ஏழைக் குழந்தை என்று விளக்க வேண்டியதாயிற்று.

இது வெறும் கற்பனையும் அன்று. 1948-இல் நியூ ஜெர்சி மாநிலத்தில், சாலி ஹார்னர் என்னும் பதினொரு வயதுச் சிறுமி ஒரு கடையில் சிறு குறிப்பேடு ஒன்றை எடுத்துவிட்டாள். அதைக் கண்ட ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவன், தான் துப்பறியும் துறை அதிகாரி என்று மிரட்டினான். பின்னர் அவளைக் கடத்திச் சென்றான். தந்தையும் மகளும் என்று ஊராரை நம்பவைத்து, இருபத்தொரு மாதங்கள் நாட்டின் குறுக்கே அலைக்கழித்தான். 1950 மார்ச்சில் கலிபோர்னியாவில், அண்டை வீட்டுப் பெண்மணி ஒருவரிடம் அவள் உண்மையைச் சொன்னதால் மீட்கப்பட்டாள். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு கார் விபத்தில் உயிரிழந்தாள். அவள் இறந்த செய்தியை நபோக்கோவ் ஓர் அட்டையில் குறித்து வைத்திருந்தார். நாவலின் பிற்பகுதியில் அவள் பெயர் ஒருமுறை வெளிப்படையாகவே வருகிறது. நூலின் உள்ளே ஓர் உண்மைக் குழந்தையின் பெயர் அறுபது ஆண்டுகளாக அச்சில் இருந்தும், அதனைப் பின்தொடர்ந்து சென்று அவளுக்கென ஒரு முழு நூல் வெளிவந்தது 2018-இல்தான்.

அறிக்கையா, வழக்குரையா?

கத்தோலிக்க வாசகருக்கு இந்நூலில் மற்றொரு வாயிலும் திறந்திருக்கிறது. கியூபெக் பகுதியில் தான் ஒரு குருவானவரை நாடிச் சென்றதை ஹம்பர்ட் ஓரிடத்தில் குறிப்பிடுகிறான். பாவ உணர்விலிருந்து இறைவனின் இருப்பை உய்த்துணரலாமென்று நம்பினானாம், ஆறுதல் கிட்டவில்லையாம். தான் என்ன ஆறுதல் பெற்றாலும், தன்னால் அச்சிறுமி பட்ட கொடுமையை அவள் மறக்கப் போவதில்லையே என்று அவன் அங்கே ஒப்புக்கொள்கிறான். நூலிலேயே அவன் உண்மைக்கு மிக அருகில் வரும் இடங்களுள் அது ஒன்று.

நம் முன்னோர் ஞானோபதேச வகுப்பில், நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியவை ஐந்து என்று மனப்பாடம் செய்தனர்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, குருவிடம் பாவங்களை வெளியிடுதல், அபராதம் தீர்த்தல். அந்த ஐந்தையும் அளவுகோலாக வைத்து இந்த நாவலைப் படித்தால், எந்தத் திறனாய்வு நூலும் தராத தெளிவு பிறக்கும். ஹம்பர்ட் தன்னை ஆராய்கிறான். மிக நுட்பமாகவே ஆராய்கிறான். வெளியிடுவதிலும் குறைவில்லை, முந்நூறு பக்கங்களுக்கு வெளியிடுகிறான். மனஸ்தாபம்? கடைசிப் பக்கங்களில், மலைச்சாரலின் கீழே ஒரு சிற்றூரில் விளையாடும் குழந்தைகளின் ஒலி கேட்டு, அந்த ஒலியில் அவளுடைய குரல் சேராமற்போனதே என்று உருகுகிறான். அது மெய்யான மனஸ்தாபமா, அதுவும் நடுவர்களை இளக்கும் ஓர் உத்தியா என்று வாசகர்கள் இன்றுவரை வாதிடுகின்றனர். ஆனால், பாவத்தின் பொறுப்பை அவன் ஒருபோதும் முழுதாகத் தன் தோளில் ஏற்கவில்லை. சூழ்நிலை, இளமைக் காலத்து ஏக்கம், குழந்தையின் நடத்தை என்று எங்கெங்கோ பங்கிட்டுக் கொடுக்கிறான். தான் பறித்த குழந்தைப்பருவத்தை அவனால் திருப்பித் தர இயலாது. கடைசிச் சந்திப்பில் பணத்தைத்தான் தர முடிந்தது.

பாவ அறிக்கையில் எழுவாய் ‘நான்’ என்பதே. ‘நான்’ என்று தொடங்கி ‘ஆனால் அவள்’ என்று முடியுமானால், அது அறிக்கையாகாது, வழக்குரையே ஆகும்.

இந்த ‘ஆனால் அவள்’ என்பது புதிய வாதமன்று. தானியேல் நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் வரும் சூசன்னாவின் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். இச்சை கொண்ட முதியவர் இருவரும் நீதித்தலைவர்கள், மதிப்புக்குரியோர். தம் ஆசை நிறைவேறாதபோது, அந்தப் பெண்ணின்மீதே பழி சுமத்தி ஒரு கதை சொல்கின்றனர். சபையார் நம்புகின்றனர். சொன்னவர்கள் மூப்பர்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமில்லை. இளைஞன் தானியேல் எழுந்து, இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்கிறான். இருவரும் வெவ்வேறு மரத்தைச் சொல்கின்றனர். கதை உடைகிறது. சொல்பவரின் தகுதியையும் சொல்லழகையும் ஒதுக்கிவிட்டு, சொல்லப்பட்டதைச் சோதித்தவன் அவன். நம்பத்தகாத கதைசொல்லியை எப்படிப் படிக்க வேண்டுமென்று திருநூல் நமக்கு என்றோ கற்பித்துவிட்டது.

நூலுக்கு வெளியே

1990 மார்ச்சில், நபோக்கோவ் பேசிய அதே ‘அப்போஸ்ட்ரோஃப்’ நிகழ்ச்சியில் கபிரியேல் மாட்ஸ்னெஃப் என்னும் எழுத்தாளர் விருந்தினராக அமர்ந்திருந்தார். பதின்ம வயதினரோடு தாம் கொண்ட உறவுகளை நாட்குறிப்புகளாக அச்சிட்டு வந்தவர் அவர். அரங்கிலிருந்தோர் புன்னகைத்தனர். கனடாவிலிருந்து வந்திருந்த டெனீஸ் பொம்பார்டியே என்னும் பெண் எழுத்தாளர் மட்டும், அந்தச் சிறுமிகளின் கதி என்ன ஆயிற்று என்று முகத்துக்கு நேராகக் கேட்டார். இலக்கிய உலகம் கேட்டவரையே ஏளனம் செய்தது. அச்சிறுமிகளுள் ஒருவராக இருந்த வனேசா ஸ்ப்ரிங்கோரா, 2020 ஜனவரியில் தம் அனுபவத்தைத் தாமே நூலாக எழுதினார். நாட்டின் மனச்சாட்சி அப்போதுதான் அசைந்தது. பதிப்பகம் அவருடைய நாட்குறிப்புகளை விற்பனையிலிருந்து விலக்கியது. பதினைந்து வயதுக்குட்பட்டோர் விஷயத்தில் ‘சம்மதம்’ என்னும் பேச்சுக்கே இடமில்லை என 2021-இல் பிரான்சில் சட்டம் இயற்றப்பட்டது. நம் நாட்டில் அதற்கு முன்னரே, 2012-இல், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் தனிச்சட்டம் வந்தது.

இலக்கிய உலகைச் சுட்டிவிட்டு நாம் நின்றுவிட முடியாது. அதே 2021 அக்டோபரில், பிரெஞ்சு ஆயர் பேரவையும் துறவியர் பேரவையும் அமைத்த தனி ஆணையம் தன் அறிக்கையை வெளியிட்டது. 1950 முதல் ஏறத்தாழ 2,16,000 குழந்தைகள் குருக்களாலும் துறவியராலும் பாலியல் கொடுமைக்கு உள்ளாயினர் என்பது அதன் மதிப்பீடு. அங்கும் நடந்தது என்ன? மதிப்புக்குரியோர் பேசினர், சபையார் நம்பினர், குழந்தைகளின் குரல் கேட்கப்படவில்லை. சூசன்னாவின் சபையில் நாமும் அமர்ந்திருந்தோம். 2018-இல் இறைமக்கள் அனைவருக்கும் எழுதிய மடலில் திருத்தந்தை பிரான்சிஸ் இதனை வெட்கத்தோடும் மனவருத்தத்தோடும் ஏற்றுக்கொண்டார்.

இந்த நாவலை எல்லாரும் படிக்க வேண்டும் என்று சொல்வதற்கில்லை. இளையோர் கையில் வைக்கத்தக்க நூலன்று. இத்தகைய காயம் பட்டவர் பலருக்குப் படிப்பதே வேதனையாகலாம். படிக்காமல் விடுவதில் குறைவொன்றும் இல்லை. ஆனால், முதிர்ந்த மனத்தோடு படிப்பவர் இதனை ஒரு பயிற்சியாகக் கொள்ளலாம். இலக்கியம் பிறருடைய குரலுக்குச் செவிகொடுக்கப் பழக்குகிறது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2024-இல் எழுதிய மடலில் எடுத்துரைத்தார். இந்நூல் தரும் பயிற்சி சற்றுக் கடினமானது. இங்கே உரக்கப் பேசும் குரலை ஐயுற்று, அதன் கீழே அடங்கிக் கிடக்கும் குரலைத் தேடிக் கேட்க வேண்டும்.

அந்தப் பயிற்சி நமக்கு நூலில் மட்டும் தேவைப்படுவதில்லை. வீட்டுக்கு வந்து போகும் உறவினரைக் கண்டு ஒரு குழந்தை ஒதுங்கி நிற்கும்போது, டியூஷனுக்குப் போக மாட்டேன் என்று காரணம் சொல்லாமல் அடம்பிடிக்கும்போது, கோயிலுக்கோ விடுதிக்கோ போக அஞ்சும்போது, ‘அவர் நல்லவராயிற்றே’ என்னும் சொல்தான் நம் வாயில் முதலில் வருகிறது. அந்த நல்லவர் நயமாகப் பேசுவார். குழந்தைக்கு அவ்வளவு பேசத் தெரியாது. கலிபோர்னியாவில் சாலியின் வாய்மொழியைக் கேட்டு, அதனை நம்பி, உறவினரை அழைக்கத் தொலைபேசியைக் கொடுத்த அண்டை வீட்டுப் பெண்மணி பெரிய படிப்பாளியாக இருக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் அமர்ந்து கேட்டார், அவ்வளவுதான்.

சிலுவையடியில் நின்ற வியாகுல அன்னை பேசியதாக நற்செய்தியில் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் அவருடைய துயரத்தை நாம் தலைமுறை தலைமுறையாகத் தியானித்து வருகிறோம். சொல் இல்லாத துயரத்தையும் உணரக் கற்ற மக்கள் நாம். அதே பெயரைத் தாங்கி, சொல்ல வழியின்றி இரவில் அழுத ஒரு சிறுமியின் துயரத்தையும், அவளைப் போல் நம் தெருவில் நடமாடும் குழந்தைகளின் துயரத்தையும் உணர்வது நமக்கு இயலாததன்று.